குணம் ஒத்துப்போகவில்லையாம்

சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பேசிய சம்பந்தம் போன வாரம் நின்றுபோனது. "குணம் ஒத்துப்போகல அத்தை. அவரு வாயே திறக்கமாட்டேங்கிறாரு" என்றாள். அதற்காக ஒரு நல்ல பையனை வேண்டாம் என்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் 1984-இல் கல்யாணம். மலேசியாவில் நான் கரைப்பக்கம் பட்டர்வொர்த், அவர் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன். பினாங்குப் பாலம் அடுத்த வருடம்தான் திறந்தார்கள். பெண்வீட்டார் மொத்தப் பேரும் ஃபெரியில் கடலைத் தாண்டிப் போனோம். முதல் மாதம் முழுக்க நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பிடிக்கவில்லையோ என்று அம்மாவிடம் போய் அழுதிருக்கிறேன். எனக்கு வீடு நிறைய ஆள் வேண்டும். அவருக்குச் சாயங்காலம் பால் ஊற்றாத ஒரு தே ஓ, கையில் பேப்பர், போதும்.

1997-இல் அம்மா தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. தமிழ் நேசனைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். மந்திரி பேச்சு, காற்பந்து, சினிமா விளம்பரம், எதையும் விடவில்லை. தொண்டை கட்டினால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும். தினமும் இப்படியே ஒரு மாதத்துக்கு மேல். ஒருநாள் ஏதோ ஓர் ஊர்ப் பெயரைத் தப்பாக வாசித்தார். நான் திருத்தினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குணம் வேறு, நாணயம் வேறு. சம்பளக் காசை மறைப்பவர், கோபம் வந்தால் கை நீட்டுபவர் என்றால் நானே வேண்டாம் என்பேன். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பேச்சு குறைவு, கூட்டம் பிடிக்காது என்பதெல்லாம் ஒரு குறையா? இவரை என்னைப் போல மாற்றிவிடலாம் என்று நானும் சில வருடம் பாடுபட்டேன். எங்கள் வீட்டில் பெரிய சண்டையெல்லாம் அந்த வருடங்களில்தான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வந்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது. மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியும் ஏறியாக வேண்டும். அவர் ஏறமாட்டார், கூட்டம் ஆகாது. இந்த வருடம் முட்டி வலியோடு இறங்கிவர ரொம்ப நேரமாகிவிட்டது. அடிவாரத்தில், விட்டுப் போன அதே மரத்தடியில், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கூட்டமா?" என்றார்.

சரி, ஆரம்பித்தேன். தூரத்தில் நிறுத்திய கார்வரைக்கும், அப்புறம் வீடு வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டினார்.