தேயிலை விழுந்தது ஆட்கள் வராததாலா?

"தோட்டத்துச் சனம் கொழும்புக்குப் போய்விட்டது, அதனால்தான் 2022இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி விழுந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சனம் வெளியேறுவது உண்மைதான், ஆனால் அது பல வருடக் கதை. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி ஒரே வருடத்தில் 25 கோடிக்கு இறங்க முக்கிய காரணம், 2021 மே மாதம் வந்த இரசாயன உர இறக்குமதித் தடை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், சரி. அதற்குப் பிறகு உர விலை கைக்கு எட்டவில்லை. உரமில்லாத செடியில் கொழுந்து எங்கே வரும்? நாள் முழுக்க மலையில் நின்றாலும் கூடை நிறையாது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அப்புறம் இந்தப் பழி வேறு! நுவரெலியாவில் லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கும் அந்த வருடம் இதே அடிதான்.