ஓட்டு உண்டு, நாற்காலி கிடையாது

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி, அதாவது தோற்ற தென் மாநிலங்களை மறுபடி நாட்டோடு சேர்த்து விடுதலையான அடிமைகளுக்கு உரிமை கொடுக்க முயன்ற காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கறுப்பினத் தலைவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருக்கலாம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் நண்பர் ஒருவரும் சொன்னார். அவருக்குத் தென் மாநிலங்களில் ஒன்றான ஜார்ஜியாவின் கதை தெரியாது போலிருக்கிறது.

அங்கே விட்டுக்கொடுத்துத்தான் பார்த்தார்கள். 1867 டிசம்பரில் அட்லான்டாவில் புதிய அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தபோது, கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று வெளிப்படையாக எழுத வேண்டாம் என்றார்கள் அன்றைக்கு அடிமை முறையை எதிர்த்த கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்த வெள்ளைக்காரக் கூட்டாளிகள். எழுதினால் வெள்ளையர் ஓட்டு போய்விடுமாம். சரி, ஓட்டுரிமை இருந்தால் பதவியுரிமை தானாக வந்துவிடும் என்று நம்பி கறுப்பினப் பிரதிநிதிகள் ஒத்துக்கொண்டார்கள். அவர்களில் முக்கியமானவர் ஹென்றி மெக்நீல் டர்னர், பாதிரியார். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போரில் தோற்றுப்போன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸை மன்னித்துவிடலாம் என்றுகூடப் பேசியவர். இதற்கு மேல் ஒரு மனிதர் எவ்வளவு இறங்கிப் போக முடியும்?

1868 தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார்கள். 'அசல் 33 பேர்' என்று இன்று நினைவுகூரப்படுகிறவர்கள் அவர்கள்தான். செப்டம்பரில் சபை எழுந்து நின்று சொன்னது: அரசியல் சட்டம் உங்களுக்கு ஓட்டைத்தானே கொடுத்தது, பதவி வகிக்கலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்த ஒரு வாசகம் இல்லாததையே பிடித்துக்கொண்டு வெளியே தள்ளினார்கள். இந்த ஓட்டெடுப்புக்கு, கூட்டாளிகள் என்று நம்பியிருந்தவர்களில் சிலரும் துணைபோனார்கள். காலியான இடங்களில், தேர்தலில் தோற்று இரண்டாவதாக வந்தவர்களை உட்காரவைத்தார்கள். கலப்பினத்தவரான நான்கு பேர் மட்டும் தப்பினார்கள். அவர்களுடைய தோல் அவ்வளவு வெளுப்பு, கறுப்பர் என்று நிரூபிக்க முடியவில்லை! ஓட்டு எண்ணிக்கைக்குப் பிறகு ரத்தத்தில் எத்தனை பங்கு என்று எண்ணியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 3ஆம் தேதி டர்னர் பேசிய பேச்சில் கெஞ்சல் துளியும் இல்லை. என் உரிமைக்காக யாருக்கு முன்னாலும் குனியவோ தவழவோ மாட்டேன் என்றார்.

வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான பிலிப் ஜாய்னர், அதே மாதம் 19ஆம் தேதி சில நூறு பேரோடு கமில்லா என்ற ஊருக்குக் கட்சிக் கூட்டத்துக்காக நடந்து போனார். ஊருக்குள் நுழைந்ததும் வெள்ளையர்கள் சுட்டார்கள். ஏறத்தாழ ஒரு டஜன் பேர் செத்தார்கள்.

எனக்கு மறக்கவே முடியாதவர் ஆப்ரம் கோல்பி. அடிமையாகப் பிறந்தவர், கிரீன் கவுண்டி என்ற மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர். கட்சி மாறினால் 5,000 டாலர், பதவி விலகினால் 2,500 டாலர் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் விலை பேசினார்கள். மறுத்தார். 1869 அக்டோபரில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி ரகசியக் கும்பலின் ஆட்கள் அவரைப் படுக்கையிலிருந்து காட்டுக்கு இழுத்துப்போய் மணிக்கணக்கில் அடித்தார்கள். இனியும் குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாயா என்று கேட்டார்கள். நாளைக்கே தேர்தல் வந்தாலும் அப்படித்தான் போடுவேன் என்றாராம். பிறகு நாடாளுமன்றக் குழு முன் அவரே சொன்ன சாட்சியம் இது.

இதற்கிடையில் மாநில உச்ச நீதிமன்றமே 1869இல் கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சபை அசையவில்லை. வாஷிங்டனிலிருந்த மத்திய அரசு மறுபடி ராணுவத்தை உள்ளே கொண்டுவந்த பிறகுதான், 1870 ஜனவரியில் அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. அந்தத் தலைமுறையின் கடைசிக் கறுப்பின உறுப்பினர் 1907இல் விலகினார். அடுத்தவராக லீராய் ஜான்சன் மாநில செனட்டுக்குத் தேர்வானது 1962இல்.

அப்புறம், 1965இல் ஜூலியன் பாண்ட் என்ற கறுப்பின இளைஞர் அதே சட்டமன்றத்துக்கு ஜெயித்து வந்தார். 1966 ஜனவரியில் அவரையும் உட்கார விடவில்லை. இந்த முறை காரணம் நிறமில்லையாம், வியட்நாம் போரை எதிர்த்தாராம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் ஒருமனதாகச் சபையின் முடிவைத் தள்ளிய பிறகுதான் அவருக்கு நாற்காலி கிடைத்தது.