அந்த ரிஃப்பை முதலில் அதன் சுருதியில் வாசியுங்கள்

அந்த ரீலைப் பற்றித்தான். இந்த வாரம் முழுக்க எல்லார் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்பாக்ஸிலும் பலர் அனுப்பிவிட்டீர்கள், அதனால் லிங்க் போடவில்லை. பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி அமைத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) ஒன்றை ஒருவர் வாசித்துக் காட்டிவிட்டு, "இவ்ளோதாங்க மேட்டர். இதுக்குப் போயா ஐம்பது வருஷமா கும்பிடுறீங்க? விரல் போச்சுன்னு ஒரு கதை, அந்த அனுதாபத்துல வந்த பேரு" என்று முடித்திருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் என் நட்பு வட்டத்தில் இருப்பவர்களும் உண்டு. அதுதான் கொஞ்சம் வலித்தது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் வாசிப்பு சுத்தம், கையில் வேகமும் இருக்கிறது. ஆனால் அவர் வாசித்தது அந்த ரிஃப் இல்லை. அது 1971ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் இருப்பது. இந்த ரிஃப் உட்பட அந்த ஆல்பத்தின் பல பாட்டுகளுக்கு அயோமி கிட்டாரை மூன்று அரைச்சுரம் கீழே, சி ஷார்ப்புக்கு இறக்கியிருந்தார். நம் ரீல்காரர் வாசித்தது வழக்கமான ஈ ட்யூனிங்கில், பத்தாம் நம்பர் கம்பி செட்டில் (நம்பர் என்பது கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அந்த ரிஃப்பில் இருந்த விஷயத்தையே எடுத்துவிட்டு, "பாருங்க, உள்ளே ஒண்ணுமே இல்ல" என்கிறார்.

மூன்று அரைச்சுரம்தானே என்று நினைக்க வேண்டாம். ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 69.3 ஹெர்ட்ஸுக்கு வருகிறது. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அதே கம்பியை மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். அதோடு அயோமி போட்டதும் அதே கம்பி இல்லை. சி ஷார்ப்புக்கு அவர் கிட்டாரில் ஏறிய செட் 8, 8, 11, 18, 24, 32. முதல் கம்பியை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வாசிக்கும் கிப்ஸன் எஸ்ஜி கிட்டாரின் 24.75 அங்குலக் கம்பி நீளத்தில், பத்தாம் நம்பர் கம்பி ஈ சுருதியில் நிற்க சுமார் 7 கிலோ இழுவிசை வேண்டும். எட்டாம் நம்பர் கம்பி சி ஷார்ப்பில் நிற்க 3 கிலோவுக்குச் சற்று மேல் போதும். பாதிக்கும் குறைவு. அந்தத் தளர்ந்த கம்பியை அடிக்கும்போது சுருதி ஒரு கணம் மேலே எகிறி, பிறகு கீழே வந்து உட்கார்கிறது. நீங்கள் "கனம்" என்று கேட்பதில் பெரும் பங்கு அந்த எகிறலும் உட்காரலும்தான். ஈ ட்யூனிங்கில் இறுக்கமான கம்பியில் அது வராது. எத்தனை டிஸ்டார்ஷன் பெடல் போட்டாலும் வராது.

இப்போது விரல் கதைக்கு வருகிறேன். "அனுதாபம்" என்ற சொல்தான் இதை எழுத வைத்தது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலை அயோமிக்கு. வயது 17. ஜெர்மனிக்கு வாசிக்கப் போகும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார், அன்றுதான் வேலையில் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். தகரத்தை அழுத்தும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் இவரை நிறுத்தினார்கள். வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர் என்பதால் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் பட்டைகளை) ஒட்டிக் கம்பியை அழுத்துவது வலக்கை. போனது அந்த விரல்கள்.

அந்தத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். 1928ல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பிய ஜாஸில் பெரிய பெயரானவர் ஜாங்கோ. அதைக் கேட்ட பிறகு அயோமி உட்கார்ந்து வேலை பார்த்தார். பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி உருட்டி, சூடான இரும்பால் துளைத்து, விரலில் உட்காரும்வரை தேய்த்துக் குப்பிகள் செய்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும். அதனால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டி, கம்பியைப் பிடிக்கும் பதம் வரும்வரை தேய்த்தார். லேசான கிட்டார் கம்பி செட் கடையில் கிடைக்காத காலம் அது. பாஞ்சோ கம்பிகளை வாங்கி மேல்கம்பிகளாகப் போட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி அடுக்கினார்.

இதில் அனுதாபத்துக்கு எங்கே இடம்? ஒரு கருவியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் தன் கைக்கு ஏற்ப மறுபடி கட்டிய தொழிலாளியின் கதை இது.

குப்பி மாட்டிய விரலுக்குத் தொடு உணர்வு கிடையாது. தளர்ந்த கம்பியைக் கொஞ்சம் அதிகம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் சொல்லாதபோது காதுதான் சொல்ல வேண்டும். சில கோர்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) அவரால் பிடிக்கவே முடியாது. அதனால் பிடிக்க முடிந்த இரண்டு சுரக் கோர்டையே பெரிதாக ஒலிக்க வைக்க வழி தேடினார். கீழே இறக்கிய சுருதி, மேல் அதிர்வெண்களைத் தூக்கும் ட்ரெபிள் பூஸ்டர், முழுக்கத் திறந்த லேனி வால்வ் ஆம்ப் (ஒலிபெருக்கி), கூடவே சுருதி இறக்கி அதே ரிஃப்பை பேஸ் கிட்டாரில் வாசிக்கும் குழுவின் கீசர் பட்லர். நாலும் சேர்ந்தால்தான் அந்தச் சத்தம்.

முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு, எங்கே தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்யூனரைப் பார்த்துச் சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப் என்று இறக்கியதும் முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி கரகரக்கும். கிட்டார் கெட்டுப்போகவில்லை. இழுவிசை குறைந்ததால் நெக் (கிட்டாரின் கழுத்து) பின்பக்கம் நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள், சிறிது நேரம் விட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. முதல் ஃப்ரெட்டையும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில், 7ஆவது ஃப்ரெட் பக்கம், கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் துண்டுதான் நட்; 46ஆம் நம்பர் கம்பிக்கு வெட்டிய அதன் பள்ளத்தில் 32 கம்பியைப் போட்டால் அது பக்கவாட்டில் ஆடும். அதற்கு நட் மாற்றியே ஆக வேண்டும், பேப்பர் திணிப்பது எல்லாம் இரண்டு பாட்டுக்குத்தான் தாங்கும். மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் என்றால் பின்னால் ஸ்பிரிங் ஜெயித்துப் பிரிட்ஜ் உள்ளே இறங்கிவிடும். ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள் அல்லது அதைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்துங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி ஒலித்தால், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு ஆம்பில். சுருதி கீழே போனதும் பேஸையும் கெயினையும் (ஒலியை உடைக்கும் அளவையும்) ஏற்றிவிடுகிறார்கள். சத்தம் சேறாகிவிடுகிறது. அயோமி செய்தது நேர் எதிர். அவருடைய ட்ரெபிள் பூஸ்டரான டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் கீழ் அதிர்வெண்களைக் குறைத்து மேலே இருப்பதைத் தூக்கி ஆம்புக்குள் தள்ளும் பெட்டி. அதனால்தான் அவ்வளவு கீழே வாசித்தும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. பேஸைக் குறையுங்கள், மிட்ஸை (நடு அதிர்வெண்களை) ஏற்றுங்கள், கெயினைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். கீழே இருக்கும் கனத்தை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும்.

"பிட்ச் ஷிஃப்ட் பெடல் போட்டா ஒரே மிதியில இறங்கிடுமே" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். சுருதி இறங்கும், கம்பி தளராது. உங்கள் விரலுக்குக் கீழே அதே 7 கிலோ இறுக்கம்தான் இருக்கும். மேடையில் நாலு பாட்டுக்கு நாலு கிட்டார் தூக்க முடியாதவர்களுக்கு அது பயனுள்ள பெடல், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து அயோமியை அளக்காதீர்கள்.

"வலக்கைக்காரர் மாதிரி, இடக்கையால கம்பியை அழுத்தி வாசிக்க மாறியிருக்கலாமே, பிடிவாதம்தானே?" மாறியிருக்கலாம். அவரே பின்னாளில் அப்படிச் சொன்னதுண்டு. மாறவில்லை. மாறாததால் கிடைத்ததைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"அவருக்கு முன்னாடியே கனமா வாசிச்சவங்க இருந்தாங்க." இருந்தார்கள். லிங்க் ரே இருந்தார், ப்ளூ சியர் இருந்தார்கள், ஹெண்ட்ரிக்ஸ் இருந்தார். யாருக்கும் உரியதை யாரும் பறிக்கவில்லை.

"எனக்குப் பிடிக்கல, அது என் ரசனை" என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 1970ல் முதல் ஆல்பம் வந்தபோது பெரிய விமர்சகர்களுக்கும் பிடிக்கவில்லை, கடுமையாகவே எழுதினார்கள். பிடிக்கவில்லை என்பது வேறு, "யாராலும் முடியும்" என்பது வேறு. யாராலும் முடியும் என்றால் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் அதன் சுருதியில்.

"பழைய ஆளுங்களைக் கட்டிக்கிட்டு அழுறீங்க, பூமர்" என்றும் வந்தது. இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் மெட்டாலிகா, ஸ்லேயர், டூல், கொஜிரா, மாஸ்டடான் என்று மெட்டல் குழுக்கள் வரிசையாக வந்து பிளாக் சாபத்தின் பாட்டுகளை வாசித்தார்கள். நாற்பது ஆண்டு மேடை கண்டவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் இருந்தார்கள். 2023ல் அதே ஊரின் ராயல் பாலே இவர்கள் இசைக்கு ஒரு முழு நாட்டிய நிகழ்ச்சி போட்டது. இன்று உங்களுக்குப் பிடித்த எந்த மெட்டல் பேண்டை எடுத்தாலும் ஏதோ ஒரு பாட்டில் சுருதியை இறக்கித்தான் வாசிக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வதற்கு வயது ஒரு தடையா?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்த வில்லா பார்க் மேடைக்கு 17 நாள் கழித்து குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்தார். அன்று இங்கே எத்தனை அஞ்சலிப் பதிவுகள்! "ஆஸியின் ரிஃப்", "ஆஸி எழுதிய வரிகள்" என்று அவற்றில் பாதி. ஆஸி மேல் எனக்கு அளவு கடந்த பிரியம். நிற்க முடியாத உடம்போடு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி சொந்த ஊருக்குப் பாடிவிட்டுப் போனார். அந்த ரிஃப்களின் மேல் அப்படி ஒரு மெட்டை வைக்க அவரால்தான் முடிந்தது. ஆனால் ரிஃப் அயோமியுடையது. வரிகளில் பெரும்பாலானவை கீசர் பட்லர் எழுதியவை. போரைப் பற்றியும், அணுகுண்டு பயத்தைப் பற்றியும் பர்மிங்காம் தொழிலாளர் வீட்டுப் பையன் ஒருவர் எழுதிய வரிகள். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை அழித்துவிட்டு இன்னொருவருக்கு மாலை போடுவது எந்த வகைக் கொண்டாட்டம்? அன்று அதைச் சுட்டிக்காட்டியதற்கு, "சாவு வீட்ல கணக்குப் பார்க்காதீங்க" என்றார்கள். பேசாமல் இருந்துவிட்டேன். இன்று ரிஃப்பை எழுதியவரையே ஒரு ரீலில் தூக்கி எறிகிறார்கள், அன்று அழுதவர்களே சிரிக்கிறார்கள்.

குழுவின் டிரம்மர் பில் வார்டைப் பற்றியோ யாருமே எழுதுவதில்லை. ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூபாவைக் கேட்டு வளர்ந்த கை அவருடையது. அயோமி மெதுவாக இழுக்கும் இடங்களில் டிரம்ஸ் நேராகத் தட்டிக்கொண்டு போகாது, கிட்டாருக்குப் பதில் சொல்லும். சாபத்தை வாசிக்கும் புதிய பேண்டுகள் பலவும் தடுமாறுவது அங்கேதான். மெட்ரோனோம் போட்டுத் தட்டுகிறார்கள், பாட்டு செத்துவிடுகிறது. 2013ல் வந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த சாபத் ஆல்பத்தில் அவர் இல்லை. 2017 பிப்ரவரியில் முடிந்த கடைசிச் சுற்றுப்பயணத்திலும் இல்லை. வில்லா பார்க்கில் 77 வயதில் வந்து உட்கார்ந்து நாலு பாட்டுக்கும் வாசித்தார். அவர் டிரம்ஸைப் பற்றி யாராவது உட்கார்ந்து, கேட்டு, விவரமாக ஒரு பதிவு எழுதினால் என்னை டேக் செய்யுங்கள். நான் பகிர்கிறேன்.