பாதிக்கப்பட்டோர் பட்டியலில் யார் பெயர்?

2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் நோன்பு நாள். ஜெர்மனியின் ஹாலே நகர யூத ஜெபாலயத்துக்குள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். துப்பாக்கியோடு வந்தவனால் கதவை உடைக்க முடியவில்லை. தெருவில் போன ஒரு பெண்ணையும், அருகிலிருந்த டோனர் கபாப் கடையில் ஓர் இளைஞரையும் கொன்றான். தப்பியோடும்போது சோமாலியாவிலிருந்து வந்த ஒருவரைக் காரால் மோதினான். அந்தக் கடைசி ஆளை ஊடகங்கள் சீக்கிரமே மறந்துவிட்டன.

ஜெபாலயத்துக்குள் இருந்தவர்கள் மறக்கவில்லை. 2020 ஜூலையில் மாக்டபுர்க்கில் விசாரணை தொடங்கியபோது, 40-க்கும் மேற்பட்டோர் அரசுத் தரப்போடு துணை வாதிகளாகச் சேர்ந்தார்கள். அது பார்வையாளர் இருக்கை அல்ல. வழக்கறிஞர் மூலம் வழக்குக் கோப்பைப் பார்க்கலாம், சாட்சியைக் கேள்வி கேட்கலாம், புதிய ஆதாரம் கோரி மனுப் போடலாம். கொலை முயற்சி என்று பதிவானால் வழக்கறிஞர் செலவும் அரசுடையது. அந்தக் கார் மோதலோ கொலை முயற்சியாகப் பதிவாகவில்லை. "அதுவும் இனவெறித் தாக்குதல்தான்" என்று தப்பிப் பிழைத்த யூதர்கள் அவருக்காக வாதாடினார்கள். டிசம்பர் 21 தீர்ப்பில் ஆயுள் தண்டனை வந்தது. மோதலை மட்டும் நீதிமன்றம் கொலை முயற்சியாக ஏற்கவில்லை. தோற்றார்கள்தான். ஆனாலும், சட்டம் அங்கீகரித்தவர் அங்கீகரிக்காதவருக்காக எழுந்து நிற்பதைத்தான் நான் ஆதரவு என்பேன். மெழுகுவத்தி ஏற்றுவது யாராலும் முடியும்.

இவ்வளவு பெரிய வழக்காக இல்லாவிட்டாலும், ஜெர்மனியில் இப்படித் தாக்கப்படுகிறவர்கள் ஆரம்பத்தில் சறுக்கும் இடம் இதுதான்: போலீஸ் முதல் நாள் என்ன எழுதுகிறது என்பது. தாக்கியவன் எதிர்ப் புகார் கொடுத்தால் "இருதரப்புக் கைகலப்பு" ஆகிவிடும். அவன் சொன்ன வசவு வார்த்தைகளை அப்படியே, அன்றே எழுதி வையுங்கள். காயத்துக்கு டாக்டர் சான்று வாங்குங்கள். அவமதிப்பு, சாதாரணக் காயம் போன்றவற்றுக்கு 3 மாதத்துக்குள் தண்டனை கோரும் மனுவையும் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்ததே போதும் என்று இருந்து கோட்டைவிடுகிறவர்கள் நிறைய.

முகவரி விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. வழக்குக் கோப்பை எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் படிப்பார். வீட்டு முகவரிக்குப் பதில் வழக்கறிஞர் அலுவலக முகவரியையோ ஆலோசனை மைய முகவரியையோ பதியச் சொல்லிக் கேளுங்கள். இனவெறி, யூத வெறுப்பு வன்முறைக்கான சுயேச்சை ஆலோசனை மையங்கள் ஜெர்மனியின் பல மாநிலங்களில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது; போலீஸ் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. விசாரணைக்குக் கூடவே வருவார்கள். அங்கே வாழும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

கடிதமோ பணமோ அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒன்று. 1992 நவம்பரில் மொல்ன் நகரில் துருக்கியக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். ஆறுதல் சொல்லி வந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் குடும்பத்துக்குப் போகாமல் பல்லாண்டுகள் நகராட்சி ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. அதனால் நகராட்சி முகவரிக்கு அனுப்பாதீர்கள். குடும்பத்தின் வழக்கறிஞரிடமோ ஆலோசனை மையத்திலோ கொடுங்கள். ஒரு மாதம் கழித்து, கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.