ரத்த ஆறு ஓடியது என்று எழுதாதீர்கள்

ஜூலை 10 வந்துவிட்டால் வேலூர்க்காரர்களின் பக்கங்களில் எல்லாம் கோட்டைப் புரட்சிதான், 1806-இல் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த நாள். மக்கான் நினைவுத்தூண் படம், கீழே "ரத்த ஆறு ஓடியது", "பிணங்கள் மலையாகக் குவிந்தன". எழுதுகிறவர்களின் உணர்ச்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் 1806-இல் அந்த மதிலுக்குள் நின்ற ஒருவனுடைய பயம் அந்தச் சொற்களில் ஒரு துளியும் இல்லை. ரத்த ஆறு கலிங்கத்துப்பரணி மாதிரியான போர்ப் பாட்டுக்குப் பொருந்தும். அங்கே பேய்கள் கூழ் அடுகின்றன, அந்த உலகத்தின் அளவே வேறு. மனிதன் பட்ட பாட்டைச் சொல்ல வந்தால் மனித அளவில்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். "பௌர்ணமி நிலவில் வாள்கள் மின்னின" என்று எழுதத் தோன்றும். 1806 ஜூன் 16 அன்று சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. அடுத்த அமாவாசை ஜூலை நடுவில். ஆகவே 10-ஆம் தேதி விடியலுக்கு முன் இருந்தது நள்ளிரவுக்குப் பிறகு எழுந்த தேய்பிறை நிலா. மதில் நிழலில் முகம் தெரிந்திருக்காது. ஓடி வருபவன் நம் ஆளா, எதிராளியா என்பது குரலில்தான் தெரியும். இந்த ஒரு விவரம் தரும் திகிலைப் பத்து "கொடூர"ங்கள் தராது.

அடுத்தது துப்பாக்கி. அன்றைய மஸ்கட்டுக்குத் தோட்டா காகிதச் சுருளில் வரும். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பழகிய கைக்கே நிமிடத்துக்கு மூன்று சுடுவது பெரிது. கடிக்கும்போது மருந்து வாய்க்குள் போகும். அதில் பெரும்பங்கு வெடியுப்பு. நாக்கு கரித்து, தொண்டை வறண்டு, தாகம் பிடுங்கும். நாலைந்து சுற்றுக்குள் வெள்ளைப் புகை மூடிவிடும், கந்தக நெடி கண்ணை எரிக்கும். சிப்பாயை வீரனாகக் காட்ட வேண்டுமா? அவன் தண்ணீருக்குத் தவிப்பதை எழுதுங்கள். மீசையை முறுக்க வைக்காதீர்கள்.

இந்தக் காலத்துப் போரை எழுதுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் சத்தத்தில். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பீரங்கி வெடித்தால் வெளிச்சம் வந்து ஒன்பது நொடி ஆகும், சத்தம் வர. அந்த ஒன்பது நொடியில்தான் கதை இருக்கிறது. ரைஃபிள் குண்டு ஒலியைவிட வேகம். அது தலைக்கு மேல் "டப்" என்று கடந்த பிறகே துப்பாக்கிச் சத்தம் வரும். மிக அருகில் வெடித்தாலோ காது அடைத்து "ஙொய்" என்ற ரீங்காரம் மட்டும் மிஞ்சும். எதிரே நிற்பவர் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அங்கே போய் "அலறல் காதைப் பிளந்தது" என்று எழுதினால், அனுபவித்தவர்கள் உடனே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி இரண்டு குழந்தைகளோடு கோழிக் கொட்டகையில் ஒளிந்து பிழைத்தார். அங்கிருந்து எழுதினால் முற்றம் முழுதும் தெரியாது. இருட்டும் எச்ச வாடையும் குழந்தையின் மூச்சும்தான். அதே துல்லியம் மறுபக்கத்துக்கும் வேண்டும். ஆற்காட்டிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் குதிரையில் வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி, அரண்மனையில் தஞ்சம் புகுந்திருந்த நூறு சிப்பாய்கள் வரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்தி, பீரங்கியில் சிறு குண்டுகள் நிறைத்த தகரக்குப்பியை அடைத்துச் சுட வைத்தான். அங்கே உடல்களை விவரித்தால் வாசகன் இரண்டாம் வரியில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சுவரை எழுதுங்கள்.

தமிழ் இதற்கென்றே ஒரு கருவியை வைத்திருக்கிறது: வினையெச்சம். "எழுந்து, பிள்ளையைத் தூக்கி, செருப்பைத் தேடி, கிடைக்காமல், வாசலுக்கு ஓடி, திரும்பி" என்று முற்றுவினையைத் தள்ளிக்கொண்டே போனால் வாசிப்பவரின் மூச்சும் சேர்ந்து பிடிபடும். சண்டை என்றால் சின்னச் சின்ன வாக்கியம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துண்டு வாக்கியம் பிறகு வரட்டும், ஞாபகம் உடையும் இடத்தில்.

போர் முடிந்த பிறகும் முடியாதது அந்த ஞாபகம். கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். வெடிச்சத்தத்துக்கு உடம்பு முதலில் குனிந்துவிடும், "தீபாவளிதான்" என்று புத்தி பிறகுதான் சொல்லும். அந்த இடைவெளியை எழுதினால் போதும், "மனவடு" என்ற சொல்லே தேவைப்படாது.

ஒரு பொருள் போரையே சுமக்கும். ஈழப்போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்த முள்ளிவாய்க்கால் கஞ்சியில் இருப்பது அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் இல்லை. அந்த "இல்லை"தான் விவரணை. பதுங்குகுழிக்கு மண்மூட்டை போதாமல் புடவைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். ஜரிகைக் கரை வெளியே தெரிய அடுக்கிய மூட்டைக்கு உவமை எதற்கு?

மேல்மொணவூர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களிடம் கேட்டு எழுத நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள், "கஷ்டமா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "அன்னைக்குக் காலையில என்ன சமைச்சீங்க அம்மா? அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேளுங்கள். அவர்கள் பங்கர், செல், கிபிர் (குண்டுவீச்சு விமானம்) என்றால் அப்படியே எழுதுங்கள், செல்லை எறிகணை என்று திருத்த வேண்டாம். இருட்டும் நேரத்தில் உட்காராதீர்கள், கேட்டுவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், அவர்களுக்குத்தான் ராத்திரி இருக்கிறது. எழுதியதை அவர்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள். "இது வேண்டாம் பிள்ளை" என்று எந்த வரியைச் சொல்கிறார்களோ அதை அங்கேயே அடித்துவிடுங்கள், உங்களுக்கு மிகவும் பிடித்த வரி அதுவாகவே இருந்தாலும்.