ஜெர்மன் நாடகம் உங்களுக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு

நேற்று அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்துப் பேசியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "பாரிசுக்குப் போகிறீர்கள், சந்தோஷம். அங்கேயும் வெள்ளைக்காரன் சரக்கைத்தான் விற்க வேண்டுமா?" அதற்குக் கைதட்டல் வேறு. பாரிசில் நாடகம் போடப் போகும் எங்கள் குழுவை வாழ்த்தி வழியனுப்பக் கூட்டிய கூட்டம் அது!

ஐயா, நாங்கள் போடுவது ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'வெண்கட்டி வட்டம்'. ஒரு பையனுக்கு இரண்டு பெண்கள் உரிமை கோர, சாக்பீசால் வட்டம் போட்டு அவனை நடுவில் நிறுத்தி, இருபுறமும் இழுக்கச் சொல்லித் தாய் யார் என்று தீர்ப்பளிக்கும் கதை. அது முதன்முதலில் மேடையேறியதே அயல்நாட்டில், மொழிபெயர்ப்பில்தான். ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்தபோது 1944-இல் எழுதினார். 1948-இல் மின்னசோட்டாவில் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்தில் நடித்தார்கள். தன் சொந்தக் குழுவோடு பெர்லினில் அவர் அரங்கேற்றியபோது 1954 ஆகிவிட்டது. கதைக்கு வேர் பழைய சீன நாடகம். இதில் யார் சரக்கை யார் விற்கிறார்கள்? பாரிசில் பார்க்கப்போகிறவர்களில் பலர் புதுச்சேரியில் முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் பிறந்தவர்கள் என்பதாவது தெரியுமா?

"தெருக்கூத்தைக் கொண்டுபோகலாமே" என்பீர்கள். தாராளமாக. யாரும் தடுக்கவில்லை.

பண்ருட்டிப் பக்கம் ஒத்திகை பார்த்தபோது ஒரு கூத்து வாத்தியார் வந்து உட்கார்ந்தார். கதைசொல்லி கதையை நிறுத்திவிட்டுப் பார்வையாளர்களிடம் பேசும் இடத்தில் சிரித்துவிட்டார். "இதைத்தானே தம்பி எங்கள் கட்டியங்காரன் செய்கிறான்? இன்னும் கொஞ்சம் திமிராகப் பேசச் சொல்" என்று அவரே எழுந்து நடித்துக் காட்டினார். சாக்பீஸ் கோடு கடைசி வரிசைக்குத் தெரியாது, வட்டத்தைக் கோலமாவில் போடுங்கள் என்றதும் அவர்தான். இப்போது பையனை இருபுறமும் இழுக்கும்போது மாவு கலைந்து இரண்டு பெண்களின் பாதத்திலும் அப்பிக்கொள்கிறது. ஜெர்மன்காரன் நாடகம் என்று அந்த மனிதர் முகம் சுளிக்கவே இல்லை.

"கோலமாவு போட்டால் தமிழ் நாடகமாகிவிடுமா?" ஆகாது. ஆகிவிட்டது என்று நாங்கள் எங்கே சொன்னோம்? நோட்டீசில் பிரெக்ட் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். அவரைத் தமிழ் நாடகத் தந்தை என்று கொண்டாடுகிறீர்கள். எங்களுக்கு மட்டும் சரக்கு வியாபாரி பட்டம்.

தமிழ்மீது இத்தனை அக்கறை உள்ளவர், நாங்கள் கடலூரில் இதே நாடகத்தைத் தமிழில்தான் போட்டோம், டிக்கெட்கூட இல்லை, ஏன் வரவில்லை? முதல் வரிசை நாற்காலியில் உங்கள் பெயர் எழுதி ஒட்டிய தாள் கடைசிக் காட்சிவரை மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வசனம் பேசினேன்.

விசா வந்துவிட்டது, போகிறோம். நேற்று போர்த்திய பொன்னாடை வேண்டுமென்றால் ஆளனுப்புங்கள், மடித்து வைத்திருக்கிறேன்.