ரெண்டோடு நிறுத்தச் சொன்னவர்கள்

எங்கள் அத்தைக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்த கையோடு ஆபரேஷன் பண்ணிவிட்டார்கள். எண்பதுகளின் கடைசி, ஒரு அரசு ஆஸ்பத்திரி. மாமா ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால் வீட்டில் இன்றைக்கும் சிரிப்புதான். "அவரு மூட்டை தூக்குறவருடா, அவருக்கு எப்படிப் பண்றது?" அத்தை ஆபரேஷனுக்கு அப்புறமும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர். அது யாருக்கும் மூட்டையாகத் தெரியவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அரசாங்கமும் இருக்கிறது. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. முக்கால்வாசி ஆண்களுக்கு. வடக்கே பல ஊர்களில் கட்டாயப்படுத்தியே கூட்டிப்போனார்கள். 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். அதற்குப் பிறகு ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை. திட்டம் நிற்கவில்லை, பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. இன்று தமிழ்நாட்டில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள்.

ரெண்டோடு நிறுத்து என்பதையே சட்டமாகப் போட்டபோது நடந்தது இன்னும் விநோதம். ராஜஸ்தான், ஹரியானா, ஒடிசா, ஆந்திரா உட்படச் சில மாநிலங்களில், ரெண்டுக்கு மேல் பிள்ளை இருந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்று விதி வந்தது. ஹரியானா வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஊரில் நடந்ததைப் பாருங்கள். பதவி ஆசையில் மூன்றாவது பிள்ளை தன்னுடையதே இல்லை என்றார்கள், தத்துக் கொடுத்துவிட்டதாகக் காகிதம் காட்டினார்கள், மனைவியைத் தள்ளி வைத்தார்கள், பெண் கருவென்று தெரிந்தால் கலைத்தார்கள். பெண்களுக்குப் பஞ்சாயத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கிய அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் வந்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். எத்தனை பெறுவது என்று தானாக முடிவு செய்ய முடியாத பெண்ணுக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்து, அதிகம் பெற்றாய் என்று பிடுங்கிக்கொள்வது! எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு இந்த விதி கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம்மூரில் பஞ்சாயத்துக்கு அப்படி விதி இல்லை. ஆனால் அரசு ஊழியர்களின் பேறுகால விடுப்பில் ரெண்டு என்ற வரம்பு உட்கார்ந்திருந்தது. ஒரு அரசுப் பள்ளி ஆசிரியைக்கு முதல் திருமணத்தில் ரெண்டு பிள்ளைகள், ரெண்டும் வேலைக்குச் சேரும் முன்பே பிறந்தவை. விவாகரத்துக்குப் பின் பிள்ளைகள் தந்தையிடம். மறுமணத்தில் கருவுற்று 2021இல் விடுப்பு கேட்டபோது, இது மூன்றாவது, கிடையாது என்றார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார், மேல்முறையீட்டில் ரெண்டு நீதிபதிகள் அமர்வு மறுத்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் அவர் பக்கம் நின்றது. அதற்குள் அந்தப் பிள்ளை ஓடியாடும் வயதுக்கு வந்திருக்கும்.

இப்போது காற்று மாறிவிட்டது. 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு, ரெண்டுக்கு மேல் பிள்ளை இருந்தால்தான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவர யோசிப்பதாகச் சொன்னார். அடுத்த மாதமே ஆந்திராவில் பழைய தடையை எடுத்தார்கள். அதே அக்டோபரில் ஸ்டாலினும், மக்கள்தொகைக் கணக்கால் நாடாளுமன்றத் தொகுதிகள் குறையுமென்றால் பதினாறு பெற்றுக்கொண்டால் என்ன என்று ஒரு கல்யாண மேடையில் பேசினார். பாதி வேடிக்கைதான், சரி. வேடிக்கையிலும் பெற வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாளே.

அத்தையின் மருமகளுக்கு ஒரே பையன், எல்.கே.ஜி. போகிறான். இந்தச் செய்தியைச் சொன்னதும் பள்ளிக்கூட ரசீதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். வேன் கட்டணம் தனியாம்.